டெரிக்கின் பறவைத் தொட்டி

டெரிக் ஸ்டப்ஸுக்குப் பறவைகளைக் கண்டாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரான ஓஸ்கார்பியில் அவர் மனைவி பெரிலைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. ஊரே அவரைப் பறவைகளின் நண்பர் என்று நம்புகிறது. நம்பினால் போகட்டும், பித்தளைத் தகட்டில் வெட்டி வேறு வைத்துவிட்டார்கள்.

இந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது என்றால், மனிதர் தினமும் காலையில் டீக் கோப்பையோடு முன்னறை ஜன்னலில் வந்து நிற்பார். அவர் தூவிய புல்விதையைக் குருவிகள் பொறுக்கித் தின்றுகொண்டிருக்கும். அவர் கழுவித் துடைத்த காரின் மேல் காட்டுப்புறா எச்சமிட்டுக்கொண்டிருக்கும். டெரிக் கண்ணாடியைத் தட்டுவார், கையை ஆட்டுவார், வாயில் வந்ததையெல்லாம் சொல்லுவார். கண்ணாடிக்கு உள்ளே இருந்த பெரிலுக்கு அந்த வார்த்தைகள் எல்லாம் காதில் விழும். வெளியே தெருவில் போகிறவர்களுக்குக் கை மட்டும்தான் தெரியும். எவ்வளவு நல்ல மனுஷன், எழுந்ததும் முதல் வேலையாகப் பறவைகளுக்குக் கையசைக்கிறாரே என்று பேசிக்கொண்டார்கள்.

அவர் போய்ச் சேர்ந்தது, புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பில். கையிலிருந்த பந்தை உருட்டிவிட்டு, அது போய் நிற்பதற்குள் சாய்ந்துவிட்டார். அந்த கிளப்புக்கு அவர்தான் வெகுகாலம் செயலாளர். செயலாளருக்கு ஏதாவது நினைவுச் சின்னம் வைக்காவிட்டால் நன்றாக இருக்காது என்று கமிட்டி கூடிப் பேசியது. கூடிப் பேசி, ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு கல் தூணையும் அதன் தலையில் அகலமான கல் தட்டையும் வாங்கி, தள்ளுவண்டியில் வைத்து பெரில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. பறவைகள் குடிக்கவும் குளிக்கவும் ஒரு தொட்டி. தூணில் பித்தளைத் தகடு: டெரிக் ஸ்டப்ஸ், பறவைகளின் நண்பர். தெருவில் போகிறவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக முன்தோட்டத்தில், கேட்டுக்குப் பக்கத்திலேயே நட்டார்கள். பாதிரியார் வந்து நாலு நல்ல வார்த்தை சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி பாம் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு அழுதாள்.

பெரில் வாயைத் திறந்தாள். வேறு ஊராக இருந்திருந்தால் அந்த வாயிலிருந்து உண்மை வந்திருக்கும். எங்கள் ஊரில் அப்படியெல்லாம் வந்துவிடாது. கஷ்டப்பட்டுத் தூக்கிவந்திருக்கிறார்கள், நெற்றியெல்லாம் வேர்த்திருக்கிறது, அவர்களிடம் போய் எப்படிச் சொல்வது?

"ரொம்ப அழகா இருக்கு. டெரிக் மட்டும் இதைப் பார்த்திருந்தா அவருக்குப் பேச்சே வந்திருக்காது" என்றாள்.

எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு உள்ளே போய் எலுமிச்சை கேக் சாப்பிட்டார்கள்.

பெரில் அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊரிலேயே கல்யாணம் ஆகி, பிள்ளை குட்டி இல்லாமல், கடைத்தெருச் செருப்புக்கடையில் தலை நரைக்கும் வரை வேலை பார்த்தவள். ஊரில் பாதிப்பேரின் காலை மண்டியிட்டு அளந்திருக்கிறாள். யாருக்கு எந்தக் கால் பெரிசு, யார் ஓட்டைக் காலுறையோடு கடைக்கு வருவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெளியே சொன்னதில்லை. டெரிக் செத்தபோது அழ வேண்டிய அளவு அழுதாள். அவர் கெட்டவர் இல்லை. புல்தரை, கார், கிளப் என்று இருந்தார். இவளும் அந்த வரிசையில் எங்கோ இருந்தாள். துக்கம் வந்தது, இருந்தது, ஒரு வசந்த காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போயும்விட்டது. அது போய்விட்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொல்வதற்கு அது என்ன பெருமையா?

ஆனால் அழுக்கு போகவில்லை. அவளுக்கு அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. காட்டுப்புறா வந்து விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும், குடித்த இடத்திலேயே எச்சமும் போடும். மைனா ஜாதிக் கருங்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கி, தொட்டியில் பாதித் தண்ணீரை ரோஜாச் செடிக்கு அடித்துவிட்டுப் போகும். காகம் இருக்கிறதே, அது எங்கோ திருடிய காய்ந்த டோஸ்ட்டைக் கொண்டுவந்து தொட்டியில் ஊறப்போட்டுவிட்டு மத்தியானம் வந்து சாப்பிடும். இரண்டு நாள் விட்டால் தண்ணீர் பச்சையாகி, கல் வழுக்க ஆரம்பித்துவிடும். வேனிற்காலத்தில் அழுக்குத் தண்ணீர் குடித்து பச்சைக் குருவிகளுக்குத் தொண்டையில் நோய் வருகிறது என்று பத்திரிகையில் வேறு போட்டிருந்தான்.

ஆகவே தினமும் காலையில் பெரில் கழுவினாள். பழைய தண்ணீரைச் செடிக்குக் கவிழ்ப்பாள். கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஊற்றி, முரட்டு பிரஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்ப்பாள். சோப்புப் போட மாட்டாள், போட்டால் இறகில் இருக்கிற எண்ணெய்ப் பசை போய்விடும். நன்றாக அலசி, காயவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றுவாள். அப்புறம் தகட்டையும் துடைப்பாள், புறா எச்சம் பித்தளையை அரித்துவிடும் என்பதால். பனிக்காலத்தில் உறைந்துபோன தண்ணீரை வெந்நீர் விட்டு இளக்குவாள்.

இதைத் தெருவிலிருந்து பார்த்த ஊருக்கு என்ன தெரிந்தது? ஒரு விதவை தினமும் காலையில் புருஷன் பெயரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

இங்கேதான் வில்ஃப் ஆம்ப்லர் வருகிறார். ரிட்டயரான பஸ் டிரைவர். எங்கள் ஊருக்கும் டவுனுக்கும் நடுவே ஆயுசு பூராவும் வண்டி ஓட்டியவர். மனைவி போய் வெகு நாளாகிறது. மஃபின் என்று ஒரு கிழட்டு நாய் உண்டு. அதைக் கூட்டிக்கொண்டு தினமும் காலையில் பேப்பர் வாங்கப் போவார். இடது கால் வலதைவிடக் கொஞ்சம் பெரிசு, அகலப் பாதம். அது பெரிலுக்குச் செருப்புக்கடைக் காலத்திலிருந்தே தெரியும். அந்தக் காலை அளக்கும்போது மற்ற கால்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாளோ என்று கேட்டால், அவள் பதில் சொல்ல மாட்டாள்.

வில்ஃப் பெரில் வீட்டு கேட்டுக்கு முன்னால் நிற்பார்.

"இன்னைக்கு வானம் கொஞ்சம் வெளுத்திருக்கு."

"ஆமா. மத்தியானத்துக்கு மேல மாறிடும்னு சொல்றாங்க."

"மாறினாலும் மாறும்."

"ஆமா."

அப்புறம் தலையிலிருந்து தொப்பியை எடுப்பார், லேசாகக் குனிவார், திரும்பப் போட்டுக்கொண்டு நடப்பார். அந்தத் தொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு பெரில் முழு நாளையும் ஓட்டிவிடுவாள். கொஞ்ச நாளில் அவளுடைய தொட்டி கழுவும் நேரமும் வில்ஃப் பேப்பர் வாங்கும் நேரமும் ஒன்றாகிவிட்டன. தற்செயலாக இல்லை. மழை கொட்டினாலும் குடை பிடித்துக்கொண்டு நின்று தொட்டி கழுவினாள். கொட்டுகிற மழையில் எதற்குத் தொட்டி கழுவ வேண்டும், அதைத்தான் மழையே கழுவுகிறதே என்று எந்தக் குழந்தையும் கேட்டிருக்கும். ஊர் கேட்கவில்லை. மழையில் கூடப் புருஷனை மறக்கவில்லை பார் என்று உருகியது.

தொப்பிக்கு அப்புறம் என்ன வரும் என்று பெரில் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. ஒரு வருஷம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று.

ஒருநாள் பாம் ஜாம் பாட்டிலைக் கொடுக்க வந்தவள் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "நேத்து கிளப்புல வில்ஃப் உன்னைப் பத்திதான் பேசினாரு, கண்ணு."

பெரில் கோப்பையைக் கீழே வைத்தாள். "என்னைப் பத்தியா? என்ன சொன்னாரு?"

"இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்டாட்டி யாருக்குக் கிடைப்பாங்கன்னாரு. அப்படிப்பட்ட இடத்துக்கு இன்னொருத்தன் வரணும்னு மனசால நினைக்கிறது கூடத் தப்புன்னாரு. அதனாலதான் தினமும் நின்னு டெரிக்குக்குத் தொப்பி எடுத்துட்டுப் போறாராம்."

"யாருக்கு?"

"டெரிக்குக்குத்தான். தொட்டிக்கு முன்னால. நீ பார்த்ததே இல்லையா?"

அத்தனை காலைகளும், அத்தனை தொப்பிகளும் கல்லுக்கா? பாம் போன பிறகு பெரில், கழுவிய கோப்பையையே எடுத்து மறுபடி மறுபடி கழுவினாள். அவமானமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது. இன்னொருத்தன் வரணும்னு நினைக்கிறது தப்பு என்றால், அந்த மனுஷன் அப்படி நினைத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? உலக விஷயமெல்லாம் அறிந்த பாமுக்கு இது மட்டும் உறைக்கவே இல்லை.

சரி, நேரே போய் அவரிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். என்னவென்று சொல்வது? என் புருஷனை நினைத்து நான் அழுவதில்லை, தெரிந்துகொள்ளுங்கள் என்று ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டியா சொல்வது? எங்கள் ஊரில் வீடு பற்றி எரிந்தாலும் முதலில் மன்னிக்கணும், தொந்தரவு பண்றேன் என்றுதான் ஆரம்பிப்பார்கள். பெரில் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். டவுனுக்குப் போய்ச் சிவப்பில் ஒரு கோட்டு வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு தொட்டியருகே நின்றாள்.

"நல்ல கலர்" என்றார் வில்ஃப்.

"புதுசு."

"டெரிக்குக்குச் சிவப்புன்னா பிடிக்குமோ?"

இன்னொரு நாள் துணிந்து, "உள்ள வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்களேன், வில்ஃப்" என்றாள். அவர் தகட்டை ஒரு தரம் பார்த்தார். சர்ச்சுக்குள் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தி, "இன்னொரு நாளைக்கு வர்றேன்" என்றார். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

மே மாதக் கடைசியில் வில்ஃப் வீட்டு வாசலில் விற்பனைக்கு என்று பலகை முளைத்தது. விவரம் சொல்ல பாம்தான் இருக்கிறாளே.

"பொண்ணு கார்ன்வால்ல இருக்கா இல்ல, அங்க கூப்பிடுறாளாம். வீட்டு ஓரமா ஒரு ரூம் கட்டிக் குடுத்திருக்காங்களாம். கடல் தெரியுமாம்."

"போறாராமா?"

"இங்க அவருக்கு யாரு இருக்கா, சொல்லு."

கார்ன்வால் இருப்பது நாட்டின் அந்தக் கோடியில். அன்று இரவு பெரிலுக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்ததும் ஒரு முடிவுக்கு வந்தாள். இனிமேல் தொட்டியைக் கழுவுவதில்லை. வாயால் சொல்ல முடியாததை அழுக்கு சொல்லட்டும். டெரிக் பேர் மேல் புறா எச்சம் நாலு நாள் கிடந்தால், இந்த விதவை அப்படியொன்றும் உருகிக்கொண்டிருக்கவில்லை என்று வில்ஃபுக்குப் புரியாதா?

அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, பிரஷ் இல்லாத கையைப் பிசைந்துகொண்டு, காகம் டோஸ்ட் ஊறப்போடுவதைப் பார்த்தாள். வில்ஃப் வந்தார், கேட்டருகே நின்றார், தொட்டியைப் பார்த்தார், மூடியிருந்த ஜன்னலைப் பார்த்தார், முகம் வாடிப்போய் நடந்தார். புரிய ஆரம்பித்துவிட்டது என்று பெரிலுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மறுநாள் காலையில் திரையை விலக்கினால், தொட்டி பளபளவென்று இருக்கிறது. கல்லில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. தெளிந்த தண்ணீர். தகடு தங்கமாக மின்னுகிறது.

பெரில் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். "பாம், நீ எனக்கு உதவி பண்றதா நினைச்சு அந்தத் தொட்டியைக்..."

"நானா? என் முதுகு இருக்கிற லட்சணத்துக்கு என் வீட்டு பாத்ரூமையே நான் கழுவறதில்லை." பாம் தொட்டியை எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "டெரிக்கே வந்து கழுவுறாரோ என்னவோ, கண்ணு."

உயிரோடு இருந்தவரை ஒரு டீக் கோப்பையைக் கழுவாத டெரிக். பெரில் வீட்டுக்கு வந்தாள்.

அப்புறம் நடந்தது ஒரு யுத்தம். பறவைகள் பகலெல்லாம் அழுக்காக்கின. யாரோ விடிவதற்குள் கழுவினார்கள். கிளப் கமிட்டி முறை வைத்து ஆள் அனுப்புகிறது என்று பெரில் முடிவு கட்டினாள். பறவைகளின் அழுக்கு போதவில்லை என்று தானும் கை கொடுத்தாள். சாயங்காலம் இருட்டியதும் தேயிலைச் சக்கையைக் கொட்டினாள். பூந்தொட்டி மண்ணைப் போட்டாள். தன் டோஸ்ட்டில் பாதியைக் காகத்துக்குப் பதிலாகத் தானே ஊறப்போட்டாள். காலையில் பார்த்தால் எல்லாம் சுத்தம். வாழ்நாள் முழுக்க அழுக்கைத் துரத்தியவள், இப்போது அழுக்கைக் காப்பாற்ற முடியாமல் தவித்தாள்.

இதற்கிடையில் வில்ஃப் வீட்டைப் பார்க்க லீட்ஸ் நகரத்திலிருந்து ஒரு தம்பதி வந்து போனார்கள். தோட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்களாம், மஃபினைத் தடவிக்கொடுத்தார்களாம். பாம் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே பெரில் எழுந்து வாளியைத் தேடப் போய்விட்டாள்.

ஜூன் மாதத்தில் எங்கள் பக்கம் சீக்கிரமே விடிந்துவிடும். அடுத்த நாள் வெளிச்சம் வந்ததும், தெரு எழுந்திருக்கும் முன்பு, பெரில் இரவு கவுனோடு ஒரு வாளி சேற்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கமிட்டிக்காரன் கழுவிவிட்டுப் போயிருப்பான், அவன் போன பிறகு பூசினால் வில்ஃப் வரும்வரை நிற்கும் என்பது கணக்கு. ஆனால் அன்று இன்னும் யாரும் கழுவியிருக்கவில்லை. பரவாயில்லை என்று சேற்றை இரண்டு கையாலும் அள்ளித் தொட்டியில் அப்பினாள். பிறகு மண்டியிட்டு, தகட்டிலும் பூசினாள். பறவைகளின் நண்பர் என்ற எழுத்துகளின் பள்ளத்துக்குள் விரலால் அழுத்தி அழுத்தி அடைத்தாள்.

கேட் கிரீச்சிட்டது. நிமிர்ந்தாள். ஒரு கையில் பிரஷும் இன்னொரு கையில் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் கேனுமாக வில்ஃப் நின்றுகொண்டிருந்தார். பின்னால் மஃபின்.

"குட் மார்னிங், பெரில்."

"குட் மார்னிங், வில்ஃப்."

அவர் அவளுடைய கைகளைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு மழை இருக்காதுன்னு நினைக்கிறேன்."

"இருக்காது" என்றாள் பெரில். எழுந்து நின்றாள், முழங்காலெல்லாம் சேறு. "இத்தனை நாளும் நீங்கதானா?"

"உங்களுக்கு உடம்பு முடியலைன்னு நினைச்சேன். துக்கம் தாங்காம படுத்துட்டீங்கன்னு." அவர் மஃபின் பக்கம் திரும்பினார். "டெரிக் பேர் மேல அழுக்கு இருந்தா உங்க மனசு என்ன பாடுபடும்னு எனக்குத் தெரியும். ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி உங்களுக்குன்னு ஏதாவது ஒண்ணு செய்யணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்." கொஞ்சம் தயங்கினார். "டெரிக் மேல ஏதாவது கோவமா?"

"டெரிக் மேல எனக்கு என்ன கோவம். பாவம், அவர் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டாரு. எனக்குக் கோவமெல்லாம் உங்க மேலதான்."

ஓஸ்கார்பியில் இப்படி ஒரு வாக்கியம் தெருவில் கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ. வில்ஃப் கேனைக் கீழே வைத்தார். இனி நிறுத்தினால் சாகும்வரை சொல்ல மாட்டோம் என்று பெரிலுக்குத் தெரிந்துவிட்டது.

"டெரிக்குக்காக நான் ஒரு நாளும் இதைக் கழுவலை, வில்ஃப். முதல்ல புறாவுக்காகக் கழுவினேன். அப்புறம் நீங்க இந்தப் பக்கமா வருவீங்கன்னு கழுவினேன். மழையில நின்னதும் உங்களுக்காகத்தான். நீங்க என்னடான்னா கல்லைக் கும்பிட்டுட்டுப் போறீங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப நாளாப் பிடிச்சிருக்கு."

மஃபின் தண்ணீரைத் தேடிக் கேனை முகர்ந்தது.

"வீட்டை வித்தாச்சு, பெரில்" என்றார் வில்ஃப். "நேத்து சாயங்காலம்தான் கையெழுத்துப் போட்டேன்."

நேற்று. பெரிலுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. வானிலையைப் பற்றிப் பேசியே இரண்டு பேரும் சேர்ந்து தொலைத்த காலைகளை நினைத்து வயிறு எரிந்தது.

"எனக்குப் போகவே இஷ்டமில்லை" என்றார் அவர், பிரஷைப் பார்த்துக்கொண்டு. "இங்க யாருக்காக இருக்கீங்கன்னு பொண்ணு கேட்டா. யாருமில்லைன்னு சொல்லிட்டேன். சொல்லும்போது உங்க நினைப்புதான். நமக்கு அதுக்கு உரிமை கிடையாதுன்னு இருந்துட்டேன்."

"வீட்டைத்தானே வித்தீங்க" என்றாள் பெரில். "உங்களையா வித்தீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என் வீட்டுல மாடியில ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. கடல் தெரியாது. பாம் வீட்டுத் துணிக் கொடிதான் தெரியும்."

"ஊர் என்ன சொல்லும்?"

"டெரிக்கோட தொட்டியைக் கழுவ வந்துட்டீங்கன்னு சொல்லும். சொல்லிட்டுப் போகட்டும்."

பக்கத்து வீட்டு மாடி ஜன்னலில் திரை அசைந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பெரில் சேற்றுக் கையை நீட்டினாள். வில்ஃப் பிரஷைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.